பித்தளைத் திருகு இரண்டு

மலை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர்கள், எனக்குப் பிறகு அறுவை அறையில் சேர்ந்த மூன்று நர்சுகள். புதிதாக வந்திருக்கும் டாக்டர், துருவே பிடிக்காத உருக்கில் செய்த எலும்புத் தகடுகளும் திருகுகளும் வரவழைத்திருக்கிறாராம். பழைய தகரப் பெட்டியைத் துடைத்து அவற்றை அடுக்கும்போது, மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்திருக்கிறார்கள். "ஓர் உடம்புக்கு ஓர் உலோகம். திருகு குறைந்தால் காத்திரு" என்று அதில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது என்று ஆயா சொல்லிவிட்டாளாம். "அக்கா, உருக்குதான் மாறிவிட்டதே, இனி இந்தக் காகிதம் எதற்கு? கிழித்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

ஆம், இல்லை என்று ஒரு தபால் அட்டையில் முடித்திருக்கலாம். எனக்கு அப்படி முடிக்க வராது. பள்ளிக்கூடத்தில் "எஸ்தர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்" என்று எழுந்து நிற்க வைப்பார்கள். நின்றுகொண்டே மிச்சத்தையும் சொல்லி முடிப்பேன். இப்போதும் அப்படியே செய்கிறேன்.

முதலில் ஒன்று. நான் ஓய்வு பெற்றவள். வயது முப்பத்தொன்று. கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்த புதிதில் பால் ஊற்றும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏனுங்க நர்சம்மா, இந்த வயசுலயே வேலை போதும்னு உட்டுட்டீங்களாக்கும்? எங்க மாமியாளெல்லாம் எழுபதுலயும் களை புடுங்குதுங்க" என்றார். கையை நீட்டிக் காட்டினேன். பதினோரு வருஷம் கார்பாலிக் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்த கைகள். தோல் வெடித்து, நகக்கண்ணெல்லாம் புண்ணாகி, குளிர்காலத்தில் விரல் மடங்காது. புண் உள்ள கை அறுவை அறைக்குள் போகக் கூடாது. அது சட்டம், அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். ஆகவே ஒரு நாள் காலையில் என் கையை நானே பார்த்துவிட்டு, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

படித்த கதை பெரிதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளி, பிறகு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம், ஒரு சான்றிதழ். தேயிலை மலையில் நர்சு வேண்டும் என்று கேள்விப்பட்டதும், எந்த மலை என்றுகூட விசாரிக்காமல் பெட்டியைக் கட்டினேன். போடி மெட்டில் ஏறி, மேகத்துக்குள் நுழைந்து, அட்டை கடித்த காலோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எனக்கு இருபது வயது. "வேலை எங்கே இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டேனாம். ஆயா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அங்கே அறுவை அறைக்கு ராஜா டாக்டர் துரை. ஸ்காட்லாந்துக்காரர், ஐம்பது கடந்தவர், ஒட்டகச்சிவிங்கி உயரம். அவர் தமிழ் கற்றது கொழுந்து எடுக்கும் பெண்களிடம். அதனால் அவருக்குத் தெரிந்த தமிழில் மரியாதை என்று ஒன்று கிடையாது, அப்படி ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரியாது. எல்லாப் பெண்களும் அவருக்கு 'ஏளா'தான். ஒருமுறை தாசில்தார் சம்சாரம் பல்வலி என்று பல்லக்கில் வந்து இறங்கினாள். டாக்டர் குனிந்து, பரிவோடு, "ஏளா, வாயத் தொற, பயப்படாத" என்றார். அந்த அம்மாளுக்குப் பல்வலி மறந்துவிட்டது. வெளியே நின்ற தாசில்தாருக்கு விளக்கம் சொல்லி அனுப்ப எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

ஆனால் அறுவை அறைக்குள் அவர் பேசவே மாட்டார். யாரும் பேசக் கூடாது, பேச்சோடு எச்சில் தெறிக்கும் என்பார். வெட்டின இடத்தை விரல் தொடக் கூடாது, கையுறை போட்ட விரலாக இருந்தாலும் சரி. தகட்டை இடுக்கியால் எடுத்து, இடுக்கியால் வைத்து, திருகை இடுக்கியால் பிடித்து, நீளத் திருப்புளியால் முடுக்க வேண்டும். நான் தட்டில் பொருள்களை அவர் கேட்கும் வரிசையில் அடுக்கியிருப்பேன். அவர் கை நீட்டினால் வேண்டியது அங்கே இருக்கும். ஆரம்பத்தில் எண்ணுவேன், முடிவில் எண்ணுவேன். எல்லாம் முடிந்தபின் கையுறைகளில் தண்ணீரை நிரப்பி, வாயைச் சுருட்டி, பால்மடியைப் பிதுக்குவதுபோல் ஒவ்வொரு விரலாகப் பிதுக்கிப் பார்ப்பேன். ஊசித்துளை இருந்தால் தண்ணீர் கம்பியாகப் பீச்சும். இருந்ததா இல்லையா என்று நோயாளியின் தாளில் எழுத வேண்டும். இருந்தது என்று எழுத நேர்ந்தால் டாக்டர் ஒன்றும் திட்ட மாட்டார். வார்டின் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, அந்த நோயாளிக்குக் காய்ச்சல் வருகிறதா என்று மூன்று நாள் காத்திருப்பார்.

இனி மாடத்தி.

மாடத்திக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். கொழுந்து எடுப்பதில் அவள் மலைக்கே பேர்போனவள். ஜூன் மழையில் கூடையோடு சரிவில் வழுக்கி, கீழே கல் வாய்க்காலில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்துவிட்டது. மரச்சட்டம் வைத்துப் பத்து வாரம் கட்டியும் எலும்பு கூடவில்லை. முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் சதை புகுந்திருக்கிறது, திறந்து தகடு வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அவளுக்கு அம்மா மட்டும்தான். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. எஸ்டேட்டில் லயத்து வரிசை வீடு வேலைக்குப் போகிற ஆளுக்குத்தான். வேலைப் பட்டியலிலிருந்து பெயர் போனால் அறையும் போகும். மாடத்தியின் கால் போனால் இரண்டு பேரும் மலையிறங்க வேண்டியதுதான். கீழே அவர்களுக்கு ஒரு குடிசை கிடையாது. இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை.

"நர்சம்மா, ஒத்தக் காலோட போடி மெட்டு எறங்கணும்லா? கங்காணி என்னைத் தூளி கட்டித் தூக்கிட்டுப் போவாரோ? அந்த ஆளு தொப்பையத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும்" என்றாள். பக்கத்துக் கட்டில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வயிற்றில் தையல் போட்டிருந்த ஒருத்தி, "பாவி, சிரிக்க வைக்காதளா, பிரிஞ்சிரும்" என்று கெஞ்சினாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு தகடு, அதற்கு ஆறு உருக்குத் திருகு. டாக்டர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. அறுவைக்கு ஒரு வாரம் முன்னால் அவற்றைக் கொதிக்க வைத்துப் பழகிப் பார்த்தேன். யாரும் பழகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வேகம். கொதித்த தட்டை வடிக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்த்தேன், 'டக் டக்' என்று இரண்டு திருகு சாக்கடைக் குழாய்க்குள் போய்விட்டன. குழாயைக் கழற்றிப் பார்த்தோம். சாக்கடை ஓடையில் இறங்குகிறது, ஓடை ஆற்றில் இறங்குகிறது. கிடைக்கவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மறைக்கவில்லை, அது மட்டும் என் மனசுக்கு ஆறுதல். "கப்பல்ல வர நாலு மாசம் ஆவும்ளா" என்றார். நாலு மாதம் மாடத்தி படுத்துக் கிடந்தால் பட்டியலில் பெயர் இருக்காது. என் மண்டைக்குத்தான் யோசனை உடனே உதிக்குமே. "தொழிற்சாலையில் கடைசல் எந்திரம் இருக்கிறது. மாதிரி கொடுத்தால் இரண்டு திருகு செய்ய மாட்டார்களா?" என்றேன். டாக்டருக்கும் அது பிடித்துவிட்டது.

தேயிலைத் தொழிற்சாலைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டுப் போகும். சீட்டில் மூன்று கட்டம்தான்: பொருள், எண்ணிக்கை, மாதிரி உண்டா. 'திருகு, இரண்டு, உண்டு' என்று எழுதி, ஓர் உருக்குத் திருகைக் காகிதத்தில் மடித்து அனுப்பினேன். எதற்கு என்று கேட்க அதில் கட்டம் இல்லை. நானும் எழுதவில்லை.

அங்கே ஃபிட்டர் சவரிமுத்து. ரோமன் கத்தோலிக்கர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். வாய் சும்மா இருக்காது. எங்கள் சபையில் சிலை, சுரூபம் கிடையாது என்பதை வைத்து, "உங்க கோயிலுக்குள்ள போனா தாலுகாக் கச்சேரி மாதிரில்லா இருக்கு, யாரைப் பாத்துக் கும்பிடுதீக, கடிகாரத்தையா?" என்று சீண்டுவார். மூன்றாம் நாள் இரண்டு திருகையும் அவரே கொண்டுவந்தார். பித்தளையில் செய்திருந்தார். மரை ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல், நகை மாதிரி மின்னிற்று.

"மாதிரி உருக்காச்சே?" என்றேன்.

"ஆஸ்பத்திரிச் சாமான்னா பித்தளைதான் நர்சம்மா. குழாய், கொக்கி, கொண்டி எல்லாம் பித்தளைதான போட்டுத் தாரேன்? அஞ்சு மாசம் அடிக்கிற மழையில இங்கன இரும்பு நிக்குமா? பொட்டு வச்ச மாதிரி துருப் பிடிக்கும்."

நியாயம்தானே? அந்த மலையில் தலையில் குத்தும் ஊசிகூட ஒரு வாரத்தில் துருவேறும். உடம்புக்குள் துருப்பிடிக்காத திருகு இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு மகிழ்ச்சி. டாக்டரும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அழகா இருக்குளா" என்றார். மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம்.

செப்டம்பரில் அறுவை. நாலு உருக்கு, இரண்டு பித்தளை. விரல் படவில்லை, பேச்சில்லை, எண்ணிக்கை சரி. கடைசியில் கையுறையில் தண்ணீர் நிரப்பினேன். டாக்டரின் இடது ஆள்காட்டி விரலில் இருந்து ஒரு கம்பி பீச்சிற்று. ஊசிமுனை அளவுதான். தாளில் எழுதினேன். அவர் முக்காலியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார்.

மூன்று நாள் காய்ச்சல் இல்லை. பத்து நாளில் தையல் பிரித்தோம். நாலு வாரம் எல்லாம் அழகாகப் போயிற்று. மாடத்தி கட்டிலில் படுத்தபடியே வார்டு முழுக்க நிர்வாகம் செய்தாள். ஐந்தாம் வாரம், மழை திரும்ப ஆரம்பித்தபோது, "உள்ளுக்குள்ள எறும்பு ஊருத மாதிரி இருக்கு நர்சம்மா" என்றாள். பிறகு வலி. பிறகு தழும்பின் நடுவில் ஒரு சின்னக் கண் திறந்து நீர் வடிய ஆரம்பித்தது.

டாக்டர் பார்த்தார். தாளைப் புரட்டிக் கையுறைத் துளையைப் பற்றி நான் எழுதிய வரியில் விரலை வைத்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த ஒரு கையுறையில் தண்ணீர் நிரப்பிப் பிதுக்கிப் பார்ப்பார். அது பீச்சும். திரும்ப நிரப்புவார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. மூன்று வாரம் கழுவியும் வடிவது நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"எலும்புல சீழ் ஏறிட்டுதுளா. விட்டா உசிருக்கு ஆவாது. திங்கக்கெழம கால எடுத்துருவோம்" என்றார். பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்து, "எங் கைதான்ளா" என்றார்.

மாடத்தியிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, கேலி பேசவில்லை. "எங்கம்மைட்ட நீங்க சொல்லாதிய, நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவ்வளவுதான். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் வெளியே வந்தேன். ஆயா பின்புறத் தொட்டியில் கட்டுத்துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் கட்டுத்துணியைத் துவைத்து, அவித்து, திரும்பவும் உபயோகிப்போம். அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரைத் திட்டுதீக ஆயா?"

"இந்த மாடத்தி துணியத்தான். ரத்தம்னா பச்சத் தண்ணியில போவும். சீழுன்னா காரத்துல போவும். இது எதுக்கும் மசிய மாட்டேங்குது. ஆணியில தொங்கவிட்ட வேட்டி கணக்கா இருக்கு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். மஞ்சளும் செம்மண்ணும் கலந்த கறை. ஆணியில் தொங்கவிட்ட வேட்டி! உள்ளே ஓடி, சமையலறையில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி, உப்பு வைத்துத் தேய்த்தேன். திருநெல்வேலியில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும், துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும். தேய்க்கத் தேய்க்கக் கறை வெளிறிற்று. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. துரு. துணியை மோந்து பார்த்தேன், நாற்றம் இல்லை. அப்போதுதான் ஓடிப்போய் வெப்பத்தாளைப் பார்த்தேன். எட்டு வாரமாக ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை. எலும்பு அழுகுகிறவளுக்குக் காய்ச்சலே வராதா?

ஈரத் துணியோடு தொழிற்சாலைக்கு ஓடினேன். சவரிமுத்து கடைசல் எந்திரத்தருகே நின்றிருந்தார்.

"உங்க திருகு துருப்பிடிச்சிருச்சு" என்றேன் மூச்சு வாங்க.

"பித்தளை துருப்பிடிக்குமா? மிஷன் பள்ளிக்கூடத்துல என்னத்தப் படிச்சீக?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எங்க போட்டிய அத? மேசையிலயா, கதவுலயா?"

"காலில். எலும்பில்."

"எலும்புலயா!" அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "எதோட சேத்துப் போட்டிய?"

"உருக்குத் தகட்டோட."

அவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, "வாங்க" என்று நடந்தார். தொழிற்சாலைக்குப் பின்னால் ஆற்றுத்தண்ணீரில் ஓடும் சக்கரம். அதன் பக்கத்தில், அதிலிருந்து கழற்றிப் போட்ட பழைய இரும்புப் பாளங்கள் குவிந்து கிடந்தன. ஒன்றைப் புரட்டிக் காட்டினார். அதில் இரண்டு துளை. ஒரு துளை நன்றாக வட்டமாக இருந்தது. மற்றது எலி கடித்த ரொட்டி மாதிரி அரித்துப் பொடிந்திருந்தது.

"இது இரும்பு ஆணி அடிச்ச தொளை. அது பித்தளை ஆணி அடிச்ச தொளை. எனக்கு முந்தி இருந்த ஆளு செஞ்ச வேலை. தண்ணிக்குள்ள பித்தளையையும் இரும்பையும் ஒட்டி வச்சா, பித்தளை இரும்பத் தின்னுரும். தான் மட்டும் மினுக்கிக்கிட்டு நிக்கும். ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா இது உப்பில்லாத ஆத்துத் தண்ணி நர்சம்மா." நிறுத்தினார். "ரத்தம் உப்புதான?"

ஏன் என்று எனக்குத் தெரிந்தது! பள்ளியில் உப்புத் தண்ணீரில் தாமிரமும் துத்தநாகமும் முக்கி, கம்பி இழுத்து, காந்த ஊசி ஆடியதைப் பார்த்திருக்கிறேன். நாக்குக்கு மேல் வெள்ளிக் காசும் கீழ் செப்புக் காசும் வைத்து, இரண்டும் தொடும்போது சுர்ரென்று வரும் சுவைக்குப் பந்தயம் கட்டியிருக்கிறேன். இரண்டு உலோகம், நடுவில் உப்பு நீர். ஒன்று கரையும். அந்த மின்கலத்தை எடுத்து மாடத்தியின் காலுக்குள் வைத்துத் தைத்திருந்தோம். யோசனை என்னுடையது.

"சீட்டுல ஒரு வார்த்தை எழுதியிருந்தா உருக்குலயே போட்டிருப்பேனே" என்றார் சவரிமுத்து மெதுவாக. உடனே, "நானும் கேட்டிருக்கலாம்" என்றார்.

டாக்டர் தன் அறையில் உட்கார்ந்து கையுறையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்த பேச்சு மறந்துபோயிற்று. கறைத் துணியையும், வெப்பத்தாளையும், சவரிமுத்து கொடுத்தனுப்பிய இரும்புத் துண்டையும் மேசைமேல் வைத்தேன்.

"உங்க கை இல்லை, டாக்டர். என் திருகு" என்றேன்.

அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். இரும்புத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினார். "திங்கக்கெழமைக்கு மூணு நாளு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, தன் சவரப்பெட்டியில் இருந்து இரண்டு பிளேடு எடுத்தார். இரண்டு கண்ணாடிக் குவளையில், நோயாளிகளுக்கு ஏற்றும் அளவிலேயே உப்பு நீர் ஊற்றினோம். ஒரு பிளேடின் துளையில் பித்தளைத் திருகு, இன்னொன்றில் உருக்குத் திருகு. இரண்டும் சவரிமுத்து புதிதாகக் கடைந்து முடுக்கிக் கொடுத்தவை. சமையலறை அடுப்புக்கு மேல் பரணில், உடம்புச் சூட்டில் இருக்கும்படி வைத்தோம். சமையற்காரருக்கு அந்தப் பக்கம் திரும்பவே அருவருப்பு. "ஊறுகாயா?" என்று கேட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. நான் அடுப்பங்கரைக்கு எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஞாயிறு சாயங்காலம் டாக்டரும் நானும் குவளைகளை ஜன்னலுக்குக் கொண்டுபோனோம். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இரண்டு பிளேடிலும் துரு இருந்தது. உருக்குத் திருகு போட்டதில் அங்கங்கே புள்ளி. பித்தளை போட்டதில், திருகைச் சுற்றிலும் தண்ணீரே காவி நிறம். திருகு மட்டும் போட்ட அன்று போலவே பளபளத்தது.

டாக்டர் நெடுநேரம் அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கிக் கால எடுக்க வேண்டாம். தகட்டத்தான் எடுப்போம்" என்றார். "எலும்பு கூடியிருந்தா கால் இருக்கும். கூடலேன்னா..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லத் தமிழ் இல்லாமல் இல்லை.

திங்கட்கிழமை காலை மாடத்தியின் மூக்கில் மயக்கத்துணி வைக்கும்போது என் கையைப் பிடித்தாள். "கால் இருந்தா எழுப்புங்க நர்சம்மா. இல்லேன்னா செத்த நேரம் தூங்க விடுங்க."

திறந்தோம். சதை கறுத்திருந்தது. தகடு தெரிந்தது. நாலு உருக்குத் திருகும் மங்கியிருந்தன, ஆனால் பிடிப்போடு இருந்தன. பித்தளை இரண்டும் இடுக்கி பட்டாலே ஆடின. அவற்றைச் சுற்றித் தகடு கரியாகி உதிர்ந்தது. திருகு இரண்டும், கண்ணேறு படும் அளவுக்கு, தங்கமாக மின்னின. வேறு யார் பார்த்தாலும் தகடு மட்டமானது, திருகு உசத்தி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லி அதே திருகை இன்னொருவர் காலில் முடுக்கியிருப்போம்.

டாக்டர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டுப் புண்ணைக் கழுவினார். சீழ் இல்லை. பிறகு இடுக்கியின் மழுங்கிய முனையால் எலும்பைத் தட்டினார். ஒருமுறை. இன்னொருமுறை. இரண்டு முனைக்கும் நடுவே, புது வெல்லம் மாதிரி, ஒரு முண்டு வளர்ந்திருந்தது. காலின் மேலும் கீழும் பிடித்து மெல்ல அசைத்தார். அசையவில்லை.

அறுவை அறையில் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரே முறை. "கூடிட்டுதுளா" என்றார்.

மாடத்தியை உடனே எழுப்பினேன்.

மாவுக்கட்டு போட்டோம். மூன்று மாதத்தில் கோல் ஊன்றி நடந்தாள். எலும்பு கூடிவிட்டது, வேலைக்குத் திரும்புவாள் என்று எஸ்டேட்டுக்கு டாக்டர் ஒரு கடிதம் எழுதினார், பெயரைப் பட்டியலிலேயே வைத்திருந்தார்கள். நோயாளியின் தாளில் என் வரியை அவர் அடிக்கவில்லை. நான் அடிக்கச் சொன்னேன். "கையுறை ஓட்ட ஓட்டதான்ளா, அதையும் மறக்கக் கூடாது" என்றார். அதற்குக் கீழே இரண்டு உலோகத்தைப் பற்றி என்னையே எழுதச் சொன்னார். அன்று மாலைதான் அந்தப் பெட்டி மூடியில் காகிதம் ஒட்டினேன். தொழிற்சாலைச் சீட்டிலும் நாலாவது கட்டம் ஒன்று போட்டோம்: எதற்கு?

பிறகு பெரிய நாடுகளில் பெரிய டாக்டர்கள் இதையே ஆராய்ந்து எழுதியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். சந்தோஷம். அவர்களுக்கு எங்கள் ஆயாவின் துவைதொட்டி கிடைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

இனி உங்கள் கேள்வி, பெண்களே. புது உருக்கு துருப்பிடிக்காது என்கிறீர்கள். நம்புகிறேன். திருகு தொலையாது என்று சொல்வீர்களா? தொலையும். உங்களில் ஒருத்திக்கு என் வேகம் இருக்கும். அன்றைக்குப் பழைய டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒரு திருகு, அளவு சரியாக, பார்க்க அழகாக உங்கள் கைக்கு வரும். அந்த நாளுக்குத்தான் அந்தக் காகிதம். கிழிக்காதீர்கள். பசை போயிருந்தால் திரும்ப ஒட்டுங்கள்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் விரலுக்கு ஏற்றபடி பருமனாகக் கடைந்த மரப்பிடிப் பேனாவால் எழுதுகிறேன். கடைந்து கொடுத்தவர், "நிப்பு உருக்கு, பிடி மரம், பித்தளை ஒரு பொட்டு கெடையாது" என்று சத்தியம் செய்துதான் கொடுத்தார். அவர் இப்போது வாசலில் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கடிகாரத்தைக் கும்பிடுகிற கோயிலுக்குத்தான் ஞாயிறுதோறும் வருகிறார்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். மாடத்தி எஸ்டேட்டு மாரியம்மனுக்கு, கால் பிழைத்தால் கால் உருவம் செய்து வைப்பதாக நேர்ந்திருந்தாள். கோலைப் போட்டுவிட்டு நடந்த முதல் நாள், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தப் பித்தளைத் திருகு இரண்டையும் கேட்டாள். டாக்டர் ஒரு சீசாவில் போட்டு மேசையில் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார். நானும் அவளுமாகத் தொழிற்சாலைக்கு நடந்தோம். சரிவில் அவள்தான் முன்னால் போனாள், எனக்கு மூச்சு வாங்கிற்று.

"அண்ணாச்சி, இத உருக்கி ஒரு காலு செஞ்சு தாங்க. கெடுத்ததே கும்பிடப் போவட்டும்" என்று சவரிமுத்துவின் கையில் கொட்டினாள்.

அவர் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "இது சுண்டுவிரலுக்குக்கூடக் காணாது தாயி. மிச்சத்துக்கு வேற ஏதாவது சேத்து ஊத்தணும்."

மாடத்தி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"சேருங்க. ஆனா அதே பித்தளையாப் பாத்துச் சேருங்க அண்ணாச்சி. இரும்பக் கிரும்பக் கலந்துராதீக. ஆத்தா காலும் அரிக்க ஆரம்பிச்சா, அவளுக்குக் கட்டுத்துணி தொவைக்க எங்க ஆயா வர மாட்டா."